ஓராசிரியர் பள்ளியும் லினக்ஸ் போர்டும்



போன ஞாயிற்றுக்கிழமை காலை என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு எலெக்ட்ரானிக்ஸ் போர்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "சார், இதுக்குள்ள ரெண்டு வாத்தியார் இருக்காங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் வலித்தது. அந்த உவமை நான் அவருக்குச் சொன்னது. அதைச் சொல்ல நேர்ந்த சூழ்நிலை நல்ல சூழ்நிலை அல்ல. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடமாக நினைத்து, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இன்று எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பொறியாளன் அல்ல. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வாங்கி, இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து, அப்படியே ஓய்வு பெற்றவன். பொத்தேரியில் வீடு கட்டிய நாளிலிருந்து மாடியில் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள்தான் குடியிருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் என் எலெக்ட்ரானிக்ஸ் அறிவு.

2015 டிசம்பரை நம் பக்கத்துக்காரர்கள் மறக்க முடியாது. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் மிதந்தன. எங்கள் தெரு மேடு, தப்பித்தோம். ஆனால் கொஞ்சம் தள்ளி ஒரு ஏரி. பெயர் வேண்டாம். அதன் கலங்கலுக்குக் கீழே தாழ்வான இடத்தில் முப்பது நாற்பது வீடுகள். நள்ளிரவில் தண்ணீர் வந்தபோது அவர்களை எழுப்ப ஆள் இல்லை. ஒரு காலத்தில் ஏரிக்கு நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். மழைக்காலத்தில் கரையிலேயே படுத்து, மதகையும் கலங்கலையும் பார்த்துக்கொள்வது அவர் வேலை. வயல்கள் மனைகளான பிறகு அந்த வேலையும் போய்விட்டது.

அடுத்த ஆண்டு அந்த மாணவர் வந்தார். அப்போது பாலிடெக்னிக் மூன்றாம் ஆண்டு. "சார், ஏரியில தண்ணி ஏறுறதப் பார்த்துத் தானா போன் பண்ற மாதிரி ஒரு மெஷின் செய்யலாம்" என்றார். கார் ரிவர்ஸ் எடுக்கும்போது பீப் பீப் என்கிறதே, அதே மாதிரி ஒரு சென்சார். நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பும். அது தண்ணீரில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தால் தூரம் தெரியும். கலங்கல் பக்கம் ஒரு இரும்புக் குழாய் நட்டு, அதன் தலையில் சென்சாரைக் கீழ்நோக்கி மாட்டினால் தண்ணீர் மட்டம் தெரிந்துவிடும். ஊரில் பணம் திரட்டினோம். கணக்கு என் கையில்.

சென்சார் அளந்ததைப் படிக்க ஒரு மூளை வேண்டும். எந்த மூளை என்பதில்தான் பிரச்சினை. அதற்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

இன்டெல் நிறுவனம் 1980-இல் 8051 என்ற மைக்ரோகண்ட்ரோலரைக் கொண்டுவந்தது. நம் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் படித்த யாருக்கும் இந்த எண் மறக்காது. 4 கிலோபைட் நிரல் நினைவகம், 128 பைட் தற்காலிக நினைவகம். இந்தப் பதிவின் நாலைந்து வரிகூட அந்த 128 பைட்டில் அடங்காது. ஆனால் அதனிடம் ஒரு நேர்மை உண்டு. 12 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் கொடுத்தால் ஒரு எளிய கட்டளைக்குச் சரியாக ஒரு மைக்ரோநொடி எடுத்துக்கொள்ளும். சில கட்டளைகளுக்கு இரண்டு. மாணவர்கள் கட்டளைகளை விரல்விட்டு எண்ணி, இந்தச் சுற்று இவ்வளவு நேரம் எடுக்கும் என்று நோட்டில் எழுதிவிடுவார்கள். எழுதியபடியே நடக்கும். இன்றும் நடக்கும், நாளையும் நடக்கும். அதற்கு வேறு வேலையே கிடையாது.

இத்தாலியின் இவ்ரியா ஊர் வடிவமைப்புக் கல்லூரியில் ஹெர்னாண்டோ பர்ராகான் என்ற மாணவர் 2003-இல் 'வயரிங்' என்று ஒரு திட்டம் செய்தார். எலெக்ட்ரானிக்ஸ் தெரியாத ஓவியர்களும் வடிவமைப்பாளர்களும்கூட மைக்ரோகண்ட்ரோலரை இயக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதை ஒட்டி 2005-இல் அதே ஊரில் பிறந்ததுதான் ஆர்டுயினோ. பெயர் அவ்வூரில் இருந்த ஒரு மதுக்கடையின் பெயர். (அந்தக் கடைக்கு வாய்த்த பெயர் ஒரு பழைய அரசனுடையது.) அதில் எழுதும் நிரலுக்கு இரண்டே பகுதிகள். 'செட்டப்' என்பது காலையில் பள்ளிக்கூடம் திறப்பது மாதிரி, ஒருமுறை நடக்கும். 'லூப்' என்பது பாடவேளை. அது திரும்பத் திரும்ப, மின்சாரம் இருக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். எனக்கே புரிந்தது!

இதற்கு நேர் எதிரானது லினக்ஸ். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் மேசைக் கணினிக்காகத் தொடங்கியது. நம் ஊரில் பல பிள்ளைகளுக்கு லினக்ஸ் அறிமுகமானது அரசு கொடுத்த மடிக்கணினியில் இருந்த பாஸ் லினக்ஸ் வழியாகத்தான். என் மாணவருக்கும் அப்படித்தான். லினக்ஸ் ஒரே நேரத்தில் நூறு வேலை பார்க்கும். பார்ப்பது போலத் தெரியும் என்று சொல்வதுதான் சரி.

இங்கேதான் என் உவமை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது முதலில் போட்ட இடம் மதுராந்தகம் பக்கம் ஓர் ஓராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பு, ஓர் அறை, ஓர் ஆசிரியர். மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு முதல் வகுப்புக்கு அ, ஆ சொல்லித்தருவேன். அது முடிவதற்குள் ஐந்தாம் வகுப்பில் ஒருவன் கையைத் தூக்குவான். நடுவில் சத்துணவுக் கணக்கு. அதிகாரி ஜீப் வந்து நின்றால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓட வேண்டும். எந்தக் குழந்தையும் ஏமாந்ததில்லை. எல்லா வகுப்புக்கும் பாடம் நடந்தது. ஆனால் "இந்த நொடியில் நான்காம் வகுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பீர்களா?" என்று யாராவது கேட்டிருந்தால், முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பார்க்கிற வேலை அல்ல அது. லினக்ஸ் அந்த ஓராசிரியர்தான்.

சரி, கதைக்கு வருகிறேன். 2012 பிப்ரவரி 29 அன்று ராஸ்பெர்ரி பை என்ற சிறிய லினக்ஸ் போர்டு விற்பனைக்கு வந்தது. விலை 35 டாலர். அதன்பின் அதே மாதிரி பல நிறுவனங்களின் போர்டுகள் வந்தன. எல்லாவற்றிலும் ஆர்டுயினோ போலவே வெளிக்கம்பிகளை இணைக்கக் கால்கள் இருந்தன. ஆர்டுயினோவில் பழகியவர்கள் அதே கட்டளைகளை இங்கேயும் எதிர்பார்த்தார்கள். கார்டன் ஹெண்டர்சன் என்பவர் 'வயரிங் பை' என்று ஒரு நிரல் தொகுப்பையே எழுதினார். ஆர்டுயினோவின் கட்டளைப் பெயர்கள் அதில் அப்படியே இருந்தன. அதனால் மைக்ரோகண்ட்ரோலருக்கு எழுதிய நிரலை ஏறக்குறைய அப்படியே லினக்ஸில் ஓட்டலாம். பிழை எதுவும் காட்டாது. ஓடும். ஆனால் பெயர்தான் ஒன்று. நேரத்தை வைத்திருப்பவர் வேறு.

நாங்கள் வாங்கியதும் அப்படி ஒரு லினக்ஸ் போர்டுதான். எந்த நிறுவனம் என்று சொல்லவில்லை. தவறு போர்டில் இல்லை. மாணவர் சொன்னார், "சார், சென்சாரப் படிக்கறதுக்கு மட்டும் தனியா ஒரு ஆர்டுயினோ போர்டு வெச்சுக்கலாம். நானூறு ரூபாதான் ஆகும்." நான் கேட்டேன், "இவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் வாங்கியிருக்கோம், அதுலயே அந்த வேலையும் நடக்காதா?" நடக்கும் என்றார், கொஞ்சம் தயங்கி. நானூறு ரூபாயை மிச்சம் பிடித்தேன். ஊர்ப் பணமாயிற்றே என்று அப்போது பெருமை வேறு.

ஒரு வருடம் நன்றாகவே ஓடியது. 2017 நவம்பர் மழையில் ஓர் இரவு, இரண்டு மணி சுமாருக்கு எல்லோருடைய போனும் அடித்தது. ஏரி அபாய அளவைத் தாண்டிவிட்டது என்று பதிவு செய்த குரல். தாழ்வான வீட்டுக்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு கொட்டும் மழையில் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். பிரசவித்துப் பதினோரு நாளான ஒரு பெண்ணை நாற்காலியில் வைத்துத் தூக்கிப்போனார்கள். நான் டார்ச் எடுத்துக்கொண்டு கலங்கலுக்குப் போய்ப் பார்த்தேன். நாங்கள் குழாயில் சிவப்புப் பெயிண்ட் அடித்த அபாயக் கோட்டுக்கு ஒரு முழம் இருக்காது, அதைவிடச் சற்றுக் குறைவாகக் கீழே தண்ணீர் அமைதியாகக் கிடந்தது.

அதே மாதக் கடைசியில் இன்னொரு இரவு மறுபடி போன் அடித்தது. அன்று உண்மையாகவே தண்ணீர் வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு பாட்டியின் ஆடுகள் நான்கு போயின. அவை கட்டிப்போட்டிருந்த ஆடுகள். மறுநாள் அந்தப் பாட்டி என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மாணவர் பதிவேட்டை எடுத்துப் பார்த்து, ஒரு வாரம் கழித்து என்னிடம் வந்து விளக்கினார். ஒலி ஒரு சென்டிமீட்டர் போய்த் திரும்ப 58 மைக்ரோநொடி ஆகும். அப்படியென்றால் ஒரு மில்லிநொடி பிசகினால் 17 சென்டிமீட்டர் பிசகும். அந்த முதல் இரவில் லினக்ஸ் இரண்டு மில்லிநொடி வேறு வேலைக்குப் போய்விட்டது. 34 சென்டிமீட்டர். கோட்டுக்கும் தண்ணீருக்கும் இருந்த இடைவெளி 30.

எனக்கு ஒன்று புரியவில்லை. தாமதமானால் நேரம் கூடத்தானே வேண்டும், தண்ணீர் இறங்கியதாகத்தானே காட்ட வேண்டும் என்றேன். "இல்ல சார், ஸ்போர்ட்ஸ் டே ஞாபகம் இருக்கா?" என்றார். எங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் ஒருமுறை விசில் ஊதும்போது நேரம் குறிப்பவர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். கடிகாரத்தைத் தாமதமாகத் தட்டினார். ஓடிய பையன் மாவட்டச் சாதனையை முறித்துவிட்டான். அதேதான். தொடக்கத்தைத் தாமதமாகக் குறித்தால் நேரம் குறையும், தூரம் குறையும், தண்ணீர் ஏறியதாகத் தெரியும்.

அதைவிட மோசம் என்னவென்றால், பிசகு நல்ல வெயில் நாளில் வராது. மழைக் காற்றில் செல்போன் சிக்னல் அறுந்து அறுந்து வரும். போர்டு திரும்பத் திரும்ப இணைக்கப் பார்க்கும், இடையிடையே மெமரி கார்டில் எழுதும். வேலை கூடக் கூட, சென்சார் பக்கம் திரும்ப நேரம் குறையும். எந்த இரவில் கவனம் வேண்டுமோ அந்த இரவில்தான் அதற்குக் கவனம் சிதறும். வெயில் நாளில் ஆயிரம் முறை சோதித்திருந்தாலும் எங்களுக்குத் தெரிந்திருக்காது. ஐந்து முறை அளந்து நடுவில் உள்ளதை எடுத்துக்கொண்டிருந்தால் பெருமளவு தப்பித்திருக்கலாம் என்று பிறகு சொன்னார்கள். அந்த நானூறு ரூபாய் போர்டு இருந்திருந்தால் பிசகு ஒரு மில்லிமீட்டர்கூட இருந்திருக்காது.

அன்றுதான் ஓராசிரியர் பள்ளி உவமையைச் சொன்னேன். அவரை ஆறுதல்படுத்தச் சொன்னேனா, என்னை ஆறுதல்படுத்திக்கொண்டேனா தெரியவில்லை.

இந்தப் பள்ளத்தில் நாங்கள் மட்டும் விழவில்லை என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. 2013 அக்டோபரில் இன்டெல் 'கலிலியோ' என்ற போர்டை வெளியிட்டது. ஆயிரம் பல்கலைக்கழகங்களுக்கு ஐம்பதாயிரம் போர்டுகளை இலவசமாகத் தரப்போவதாகவும் அறிவித்தது. ஆர்டுயினோ நிரலை எழுதினால் அதை லினக்ஸில் ஓடும் ஒரு வேலையாக மாற்றிக்கொள்ளும். கடிகாரம் 400 மெகாஹெர்ட்ஸ். ஆர்டுயினோ ஊனோவின் கடிகாரமோ வெறும் 16. இருபத்தைந்து மடங்கு வேகம் என்றுதானே நினைப்போம்? முதல் கலிலியோவில் பெரும்பாலான கால்களை நொடிக்கு 230 தடவைக்கு மேல் ஏற்றி இறக்க முடியவில்லை. கால்கள் இடையில் இன்னொரு சில்லு வழியாக, மெதுவான ஒரு தடத்தில் இணைக்கப்பட்டிருந்தன. ஊனோ அதே கட்டளையில் ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை செய்யும். இன்னொன்று, தனியாக மெமரி கார்டு போட்டு ஓட்டாவிட்டால் மின்சாரம் போனவுடன் எழுதிய நிரலும் போய்விடும். நம் ஊர் மின்வெட்டை அந்தக் காலத்தில் அனுபவித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். 2017-இல் இன்டெல் அதை நிறுத்திவிட்டது.

அதே 2013-இல் ஆர்டுயினோக்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். 'யுன்' என்ற போர்டில் ஒரு பக்கம் லினக்ஸ் ஓடும் சில்லு, இன்னொரு பக்கம் பழைய மைக்ரோகண்ட்ரோலர். இரண்டும் பேசிக்கொள்ள ஒரு பாலம். அதாவது ஈராசிரியர் பள்ளி. ஒருவர் எல்லா வகுப்பையும் மேய்ப்பார், இன்னொருவர் பாலைப் பார்த்துக்கொள்வார். பீகிள்போன் பிளாக் என்ற போர்டில் ஒரே சில்லுக்குள்ளேயே லினக்ஸுக்கு ஒரு மூளையும், நேர வேலைக்கென்று 200 மெகாஹெர்ட்ஸில் இரண்டு குட்டி மூளைகளும் வைத்தார்கள். அந்தக் குட்டிகள் ஒரு கட்டளையை 5 நானோநொடியில் முடிக்கும், யாருக்காகவும் நிறுத்தாது.

நம் நாட்டுக் கதையும் இதில் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனமும் சேர்ந்து 2001-இல் சிம்ப்யூட்டர் செய்தார்கள். கையடக்கம், உள்ளே லினக்ஸ், ஏழைகளுக்கான கணினி என்று பெயர். விற்பனையில் எடுபடவில்லை. இருந்தாலும் உள்ளங்கையில் லினக்ஸ் ஓடும் என்று உலகம் பெரிதாக நம்பாத காலத்தில் செய்தது அது.

இன்னும் அருகில் வந்தால் நம் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடியின் குழு உருவாக்கிய சக்தி. 2010-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்ற, யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய கட்டளைத் தொகுப்பை வைத்து வடிவமைத்தது. 2018-இல் இன்டெல்லின் அமெரிக்க ஆலையில் செய்து வந்த சக்தி சில்லில் லினக்ஸ் ஓடியது. அதே ஆண்டு சண்டிகரை ஒட்டிய செமிகண்டக்டர் லேபரட்டரியில் இங்கேயே செய்த சில்லும் வந்தது. எனக்குப் பிடித்தது அதன் வகுப்புப் பிரிப்பு. 'இ' வகுப்பு மைக்ரோகண்ட்ரோலர் வேலைக்கு, 'சி' வகுப்பு லினக்ஸ் ஓட. கட்டளைத் தொகுப்பு இரண்டுக்கும் பொது. 2020 செப்டம்பரில் வந்த சில்லுக்கு மௌஷிக் என்று பெயர் வைத்தார்கள். பிள்ளையாரின் மூஞ்சூறு, சின்ன வாகனம், எங்கும் நுழையும். நல்ல பெயர். திருவனந்தபுரம் சி-டாக் நிறுவனம் தனியாக வேகா என்ற வரிசையில் செய்த தேஜஸ் 32 சில்லு, ஏரீஸ் என்ற போர்டில் கிடைக்கிறது. அதற்கு ஆர்டுயினோ மென்பொருளிலேயே நிரல் எழுதலாம்.

லினக்ஸ்காரர்களும் சும்மா இருக்கவில்லை. ஓராசிரியரையே நேரம் தவறாதவராக மாற்றும் முயற்சி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தனியாக நடந்தது. 2024 நவம்பரில் வெளியான 6.12 பதிப்பில்தான் அது மூல லினக்ஸுக்குள் சேர்ந்தது. அவசர வேலை வந்தால் மற்றதைக் கீழே வைத்துவிட்டுச் சொன்ன கெடுவுக்குள் திரும்பிப் பார்க்கும். ஆனாலும் மைக்ரோநொடி எண்ணுகிற வேலைக்குத் தனி ஆள் வைப்பதே மேல் என்கிறார் என் மாணவர். 2025 அக்டோபரில் வந்த ஆர்டுயினோ ஊனோ க்யூவும் அதே ஈராசிரியர் ஏற்பாடுதான். ஒரு பக்கம் டெபியன் லினக்ஸ், மறுபக்கம் தனி மைக்ரோகண்ட்ரோலர்.

ஞாயிற்றுக்கிழமை என் மேசைமேல் இருந்தது மில்க்-வி டுவோ. 2023-இல் சீனாவில் வந்தது. ஒரே சில்லுக்குள் இரண்டு ரிஸ்க்-ஃபைவ் மூளைகள். ஒரு கிகாஹெர்ட்ஸில் ஓடும் பெரியவரிடம் லினக்ஸ். 700 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சின்னவரிடம் ஆர்டுயினோ நிரல். நினைவகம் 64 மெகாபைட். "பெரியவரு நெட்வொர்க்கோட மல்லுக்கட்டட்டும் சார், சின்னவரு தண்ணியத் தவிர வேற எதையும் பாக்க மாட்டாரு" என்றார். எடுத்த அளவில் ஐந்தில் நடுவானதைத்தான் பெரியவரிடம் கொடுக்கும்படி எழுதியிருக்கிறார்.

ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ப் பழைய கணக்கு நோட்டை எடுத்துவந்தேன். 2017-இல் எழுதிய போன் எண்கள் அதில் இருந்தன. மாலையில் இருவரும் அந்தத் தாழ்வான தெருவுக்குப் போனோம். அங்கே இப்போது பாதி வீடுகள் மாடி வீடுகள். வீடு வீடாகச் சொல்லி, மறுபடி எண் கேட்டோம். ஒன்பது பேர் கொடுத்தார்கள். அன்று நாற்காலியில் தூக்கிப்போன பெண்ணும் கொடுத்தார். அந்தக் குழந்தை இப்போது மூன்றாம் வகுப்பு.

பாட்டி இப்போது இல்லை. மகன் இருந்தார். உட்காரச் சொன்னார், காப்பி கொடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வாத்தியாரே, நம்ம நம்பர் வேணாம்" என்றார். சரி என்று அந்தப் பழைய எண்ணை நோட்டில் அடித்துவிட்டு வந்தேன்.